சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: பள்ளி டேப்லெட் உண்மையில் மலிவா?

"டேப்லெட் விலை இவ்வளவு இறங்கிவிட்டதே, ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன?" பள்ளி நிர்வாகக் கூட்டமானாலும் பெற்றோர் பேச்சானாலும் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடுகிறது. உடனே ஒரு கட்சி, புத்தகச் சுமை ஒழிந்தது என்று மகிழ்கிறது. இன்னொரு கட்சி, பிள்ளைகள் கையில் விளையாட்டுச் சாமானைக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கொதிக்கிறது. இரண்டு கட்சியும் மோதிக்கொள்ளும் இரைச்சலில் 'மலிவு' என்ற சொல்லை யாரும் நிறுத்தி விசாரிப்பதில்லை. எதைவிட மலிவு, எத்தனை ஆண்டுக்கு மலிவு, யாருக்கு மலிவு?

அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கப் பெரிய பொருளாதார அறிவு எதுவும் தேவையில்லை. ஐந்தாம் வகுப்பில் படித்த பின்னம் நினைவிருந்தால் போதும். மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே இருப்பது டேப்லெட்டுக்காக நாம் மொத்தமாகச் செலவிடுவது. கீழே இருப்பது பிள்ளைகள் அதில் உண்மையாகக் கற்கும் நேரம். நம் வாக்குவாதங்கள் பெரும்பாலும் மேலே உள்ள எண்ணின் ஒரு துண்டைப் பற்றியவை மட்டுமே.

முதலில், கையில் இருப்பது என்ன?

டேப்லெட் என்பது தொட்டு இயக்கும் திரையையே முகமாகக் கொண்ட, விசைப்பலகை ஒட்டாத கணினி. உள்ளே இருப்பவை பெரும்பாலும் கைப்பேசியின் உறுப்புகள்தாம். விலை இறங்கியதன் ரகசியமும் அதுவே. கைப்பேசிகளுக்காகக் கோடிக்கணக்கில் செய்யப்படும் சில்லும் பேட்டரியும் நினைவகமும் இதற்கும் பொருந்திவிடுகின்றன. பள்ளிகளை மனத்தில் வைத்து யாரும் விலையைக் குறைக்கவில்லை.

எண்ணம் மட்டும் குழந்தைகளிடமிருந்து தொடங்கியதுதான். ஆலன் கே என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1972இல் எழுதிய கட்டுரை ஒன்றில், குழந்தைகள் தூக்கிக்கொண்டு போகக்கூடிய நோட்டுப் புத்தக அளவுக் கணினியைக் கற்பனை செய்து, அதற்கு டைனாபுக் என்று பெயர் வைத்தார். அன்றைய தொழில்நுட்பத்தில் அதைச் செய்ய வழியில்லை. 2010இல் ஐபேட் வெளிவந்த பிறகே இந்த வகைக் கருவிகள் வீடுகளுக்கும் வகுப்பறைகளுக்கும் பரவலாக வந்தன.

சிறு பிள்ளைகளுக்கு இது மடிக்கணினியைவிட ஒத்துவருகிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையால் தட்டச்சு செய்ய முடியாது; ஆனால் படத்தைத் தொட முடியும், இழுக்க முடியும். மேல் வகுப்புகளில் கதை வேறு. இரண்டு பக்கக் கட்டுரையைக் கண்ணாடித் திரையில் தட்டித் தட்டி எழுதச் சொல்வது ஏறக்குறைய தண்டனை. அந்த வயதுக்கு விசைப்பலகை வேண்டும். அதையும் வாங்கினால் மலிவில் கொஞ்சம் கரையத்தான் செய்யும்.

விலை வேறு, செலவு வேறு

வீட்டுக்கு பிரிண்டர் வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். பிரிண்டர் குறைந்த விலைக்குக் கிடைத்தது என்று மகிழ்ந்து, மூன்றாவது முறை மை வாங்கும்போது தலையில் கை வைத்திருப்பார்கள். பிரிண்டரின் விலை ஒரு நாள் கொடுத்த பணம். அதன் செலவு, வைத்திருக்கும் நாள் வரை கொடுக்கும் பணம். ஒரு பொருளை வாங்குவதில் தொடங்கி, பராமரித்து, கடைசியில் அப்புறப்படுத்துவது வரை ஆகும் எல்லாவற்றையும் கூட்டி வருவதற்கு மொத்த உடைமைச் செலவு என்று பெயர்.

பள்ளி டேப்லெட்டுக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். கருவியின் விலை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தடித்த உறையும் திரைக்காப்பும் 10. சார்ஜ் ஏற்றி வைக்கும் அலமாரியில் இதற்கான பங்கு 15. தொலைவதற்கும் உடைவதற்கும் ஈடாகக் கையிருப்பு 10. நான்கு ஆண்டுகளுக்குப் பழுதுபார்ப்பும் பேட்டரி மாற்றமும் 30. பாடங்களும் மென்பொருளும் 20. ஆசிரியர் பயிற்சி 15. கூட்டினால் 200. இவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள். பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆனால் வாங்கிய விலையோடு கணக்கு முடிந்துவிடும் பள்ளி எதுவும் இருக்க முடியாது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். டேப்லெட் விஷயத்தில் நான் பார்க்கவே சொல்வேன். நன்கொடையாக வந்தாலும் மேலே உள்ள கணக்கில் முதல் 100 மட்டும்தான் போகும். மீதி 100 பள்ளியின் தலையில்தான். அதுவும் பத்து வகைப் பழைய கருவிகள் கலந்து வந்தால், பத்து வகைச் சார்ஜரும் பத்து வகைக் கோளாறும் கூடவே வரும்.

விலையைக் கீழே இழுப்பதே குறிக்கோளானால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பெரிய எடுத்துக்காட்டுகள் உண்டு. 2005இல் அமெரிக்கக் கணினி அறிஞர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டி தலைமையில் 'குழந்தைக்கொரு மடிக்கணினி' திட்டம் '100 டாலர் மடிக்கணினி' என்ற முழக்கத்தோடு அறிவிக்கப்பட்டது. 2007இல் பெருமளவில் தயாரிப்பு தொடங்கியபோது விலை ஏறக்குறைய 188 டாலர். அடுத்தது இந்திய அரசின் ஆகாஷ். 2011 அக்டோபரில் டெல்லியில் வெளியிடப்பட்ட இந்த டேப்லெட் '35 டாலர் கணினி' என்று உலகமெங்கும் செய்தியானது. அரசு வாங்கிய விலை ஏறக்குறைய 50 டாலர். மானியம் போக மாணவர் கொடுக்க வேண்டியதுதான் 35.

எண்களைவிட ஆகாஷின் திரைதான் நமக்குப் பாடம். அது அழுத்தத்தை உணரும் வகைத் திரை. மேலடுக்கு கீழடுக்கைத் தொடும் அளவுக்கு அழுத்தினால்தான் வேலை செய்யும். இன்று கைப்பேசிகளில் உள்ளது விரலின் மின்தன்மையை உணரும் வகை. மெல்லத் தொட்டால் போதும். ஆகாஷில் மையச் சில்லின் வேகம் 366 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 256 மெகாபைட். அந்தக் காலத்துக்கே அது குறைவு. குழந்தை தொடுகிறது, திரை அசையவில்லை. மறுபடி அழுத்துகிறது, இரண்டு பக்கம் தாவிவிடுகிறது. அந்த எரிச்சலில் போகும் நேரத்துக்கு எந்த ரசீதும் கிடையாது, ஆனால் அதுவும் செலவுதான்.

இதுவரை பார்த்தது பின்னத்தின் மேல் எண். கருவியின் விலை அதில் ஒரு பகுதி மட்டுமே. மிக மலிவான கருவி சில நேரம் கீழ் எண்ணையும் சேர்த்து அரித்துவிடும்.

மின்சாரக் கணக்கில் ஒரு வேடிக்கை

டேப்லெட் என்றதும் மின்கட்டணம் ஏறிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கணக்குப் போட்டால் அச்சம் போய்விடும், வேறொரு கவலை வந்து சேரும்.

வழக்கமான ஒரு டேப்லெட்டின் பேட்டரி 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்று கொள்வோம். அதில் அடங்கும் ஆற்றல் ஏறக்குறைய 19 வாட்-மணி. நாற்பது டேப்லெட்டுக்கு 760 வாட்-மணி. ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் சுமார் 1,000 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட். ஒரு வகுப்பு முழுக்க முழுச் சார்ஜ் ஏற்ற ஒரே ஒரு யூனிட் மின்சாரம்!

கட்டணம் பொருட்டே அல்ல. பிளக் பாயின்ட்தான் சிக்கல். நாற்பது கருவிக்கு நாற்பது துளை எங்கே? வகுப்பறையில் இருப்பது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ. மாலையில் யார் செருகுவது, காலையில் யார் எடுப்பது, மின்சாரம் போன இரவுக்கு மறுநாள் முதல் பாடவேளை என்ன ஆவது? முதல் பாடவேளையில் பன்னிரண்டு கருவிகள் அணைந்து கிடந்தால், ஆசிரியர் அடுத்த வாரம் அலமாரியைத் திறக்கவே யோசிப்பார். அதற்கடுத்த வாரம் திறக்க மாட்டார். ஒரு திட்டம் செத்துப்போவது பெரும்பாலும் இப்படித்தான், ஓசையில்லாமல்.

பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. இந்தக் கருவிகளில் இருப்பது லித்தியம்-அயனி பேட்டரி. முழுதாகத் தீர்ந்து முழுதாக ஏறினால் ஒரு சுற்று. பொதுவாக ஐந்நூறு சுற்று வாக்கில் அது முதலில் தாங்கியதில் ஏறக்குறைய எண்பது விழுக்காடுதான் தாங்கும். பள்ளி ஆண்டுக்கு 200 நாள் நடந்து, நாளுக்கு ஒரு சுற்று என்றால் இரண்டரை ஆண்டில் அந்த எல்லை வந்துவிடும். நீண்ட விடுமுறை இதைவிடப் பெரிய எதிரி. முற்றிலும் தீர்ந்துபோன நிலையில் மாதக்கணக்கில் பூட்டிவைத்த பேட்டரி மறுபடி எழாமலே போகலாம். விடுமுறைக்கு முன் பாதியளவு ஏற்றி, அணைத்து, வெப்பம் குறைந்த இடத்தில் வைப்பதற்குப் பைசா செலவில்லை. யாராவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இணையம் இல்லாவிட்டால் டேப்லெட் வெறும் பலகையா?

நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு காணொளியைத் திறக்கிறார்கள். ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு மெகாபிட் கேட்டால் மொத்தம் நாற்பது மெகாபிட். எல்லாப் பிள்ளைகளும் ஒரே குழாயில் குடம் பிடித்த கதையாகிவிடும், யாருக்கும் நிறையாது. அதற்காகப் பெரிய குழாய் வாங்கித்தான் தீர வேண்டும் என்பதில்லை. பள்ளிக்குள்ளேயே ஒரு தொட்டி கட்டலாம்.

அந்தத் தொட்டிக்குப் பெயர் சர்வர்: கோப்புகளைச் சேர்த்து வைத்து, கேட்கும் கருவிகளுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் கணினி. இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினியே சில வகுப்புகளுக்குப் போதும். அதிலிருந்து வைஃபை வழியாகப் பாடங்கள் டேப்லெட்டுகளுக்குப் போகும். வைஃபை என்றாலே இணையம் என்று நினைக்கிறோம். அது தவறு. வைஃபை என்பது கம்பியில்லாத இணைப்பு மட்டும். மறுமுனையில் உலகமும் இருக்கலாம், பக்கத்து அறைப் பெட்டியும் இருக்கலாம்.

இதற்கென்றே இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கொலிப்ரி, பாடக் காணொளிகளையும் பயிற்சிகளையும் இணையமின்றிப் பரிமாறுகிறது. கிவிக்ஸ், விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ள உதவுகிறது. ஆங்கில விக்கிப்பீடியா முழுவதும் படங்களோடு ஏறக்குறைய 100 கிகாபைட். நகம் அளவு நினைவக அட்டை ஒன்றில் அடங்கிவிடும். மாதத்துக்கு ஒருமுறை யாராவது இணையம் உள்ள இடத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோய்ப் புதுப்பித்து வந்தால் போதும்.

கீழ் எண்: எத்தனை மணி நேரம்?

இனி பின்னத்தின் அடிப்பக்கம். டேப்லெட் ஒன்றின் மொத்தச் செலவு 200 பங்கு என்று மேலே பார்த்தோம். முதல் பள்ளியில் ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பயன்படுகிறது. ஆண்டுக்கு 40 வாரம், நான்கு ஆண்டு: 320 மணி நேரம். இரண்டாவது பள்ளி ஒரு வகுப்புக்கான கருவிகளை மட்டும் வாங்கி, அலமாரியோடு தள்ளிக்கொண்டு போய் ஐந்து வகுப்புகளுக்குப் பகிர்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் நான்கு மணி நேரம் என்றால் ஒரு கருவிக்கு வாரத்தில் இருபது, நான்கு ஆண்டில் 3,200 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கான செலவு முதல் பள்ளியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. பேட்டரி இன்னும் விரைவில் தேயும், உண்மைதான். அதை மாற்றும் செலவைச் சேர்த்தாலும் வித்தியாசம் பெரிதாகவே இருக்கும்.

கவனியுங்கள்: இரண்டாவது பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கும் நேரமும் முதல் பள்ளியைவிட இரு மடங்கு. 'ஆளுக்கொன்று' என்பது காதுக்கு இனிய முழக்கம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும் என்ற தெளிவான திட்டம் இருந்தால் அதற்குப் பொருளுண்டு. இல்லையென்றால் அது பெரும்பாலும் பையில் உறங்கும் கருவிக்குக் கொடுக்கும் விலை.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

மணி நேரத்தை மட்டும் எண்ணினால் போதாது. பாடநூலின் பக்கத்தைப் படம் பிடித்துத் திரையில் காட்டினால் அது பாடநூல்தான், விலை கூடியது. இன்னும் சொல்லப்போனால் தாளே மேல். 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, ஒரே பாடத்தைத் தாளில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று காட்டியது. நேரம் குறைவாக இருக்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே நீண்ட வாசிப்புக்கு டேப்லெட் வாங்குவது பொருந்தாத வேலை.

தாள் செய்ய முடியாதது எது? பதில் சொல்வது. பிள்ளை ஏழையும் எட்டையும் பெருக்கி 54 என்று எழுதுகிறது. நோட்டில் அந்தத் தவறு, திருத்தப்படும் வரை இரண்டு மூன்று நாள் சரியாகவே தோன்றும். அதற்குள் இன்னும் பத்துக் கணக்கு அதே தவறோடு போயிருக்கும். டேப்லெட் அதே நொடியில் சொல்லிவிடுகிறது. செய்ததைப் பற்றி உடனே திரும்பி வரும் இந்தத் தகவலுக்குப் பின்னூட்டம் என்று பெயர். சைக்கிள் ஓட்டக் கற்கும்போது சாய்ந்த மறுகணமே உடல் உணர்ந்து நிமிர்கிறதே, அதுதான் பின்னூட்டம். சாய்ந்ததை மூன்று நாள் கழித்துச் சொன்னால் யாரும் சைக்கிள் கற்றிருக்க மாட்டோம்.

அடுத்த படி, பிள்ளையின் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றுவது. சரியாகச் செய்தால் கொஞ்சம் கடினம். தவறினால், எந்த அடிப்படையில் பிசகு என்று தேடி அதற்கான பயிற்சி. இதற்குத் தகவமைக் கற்றல் என்று பெயர். சட்டையை ஒரே அளவில் தைத்து எல்லோருக்கும் மாட்டாமல், ஆளுக்கு ஆள் அளவெடுப்பது போல.

இது ஏன் முக்கியம் என்பதை டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. அதில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பாடத்தை எவ்வளவு அருமையாக நடத்தினாலும், மூன்றாம் வகுப்பில் நின்றுவிட்ட பிள்ளைக்கு அது போய்ச் சேராது. ஒவ்வொருவரையும் அவரவர் நின்ற இடத்திலிருந்து மென்பொருள் அழைத்துப் போனபோது, நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் கிடைத்தது. பயன்பட்டவை டேப்லெட்டுகள் அல்ல, கணினிகள். பாதி நேரம் கணினியோடும் மீதி நேரம் சிறு குழுவாக ஓர் ஆசிரியரோடும் கழிந்தது. 2019இல் முடிவுகள் வெளியாயின.

இதற்கு நேர் எதிர்த் துருவத்தில் பெரு நாடு. 'குழந்தைக்கொரு மடிக்கணினி' திட்டத்தைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்ட நாடு அது. அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. கருவிகள் ஏராளமாகப் போய்ச் சேர்ந்திருந்தன. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறியதற்கு எந்தச் சான்றும் இல்லை. கருவி கொடுத்தார்கள், அந்த மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு ஏற்பாடு இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கருவியில் இல்லை என்பது தெரிகிறது. உடனடிப் பின்னூட்டமும், பிள்ளையின் நிலைக்கேற்ற பாடமும் இருக்கும் நேரத்தை மட்டுமே நம் பின்னத்தின் கீழ் எண்ணில் சேர்க்கலாம்.

அப்படியானால் ஆசிரியர் வேண்டாமா?

தன்சானியாவின் டாங்கா பகுதியில் நடந்ததை வைத்து அப்படிச் சொல்பவர்கள் உண்டு. குழந்தைகள் தாங்களாகவே எழுத்தும் கணக்கும் கற்க உதவும் மென்பொருளுக்கான 'குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ்' என்ற போட்டிக்காக அங்கே சுமார் 170 கிராமங்களில் ஏறக்குறைய 2,700 குழந்தைகளுக்கு டேப்லெட் கொடுக்கப்பட்டது. சூரிய ஒளியில் சார்ஜ் ஏற்றும் நிலையங்களும் அமைக்கப்பட்டன. பாடங்கள் சுவாஹிலி மொழியில். தொடங்கியபோது தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேற்பட்ட குழந்தைகளால் ஒரு சொல்கூடப் படிக்க முடியவில்லை. பதினைந்து மாதத்தில் அப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2019இல் இரண்டு அணிகள் பரிசைப் பகிர்ந்துகொண்டன.

அரிய சாதனை, மறுக்க முடியாது. ஆனால் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளிக்கே போகாதவர்கள். பள்ளியே இல்லாத இடத்தில் டேப்லெட் என்ன செய்யும் என்பதற்கான விடை அது. பள்ளி இருக்கும் இடத்தில் கேள்வி வேறு: ஆசிரியரின் நாளில் எந்தச் சுமையை இது இறக்கிவைக்கும்? நாற்பது நோட்டைத் திருத்தும் வேலையைக் கருவி எடுத்துக்கொண்டு, எந்த ஐந்து பிள்ளைகள் பின்னத்தில் தடுமாறுகிறார்கள் என்று காட்டிவிட்டால், அந்த ஐந்து பேரோடு உட்காரும் நேரம் அவருக்குக் கிடைக்கும். மாறாக, கடவுச்சொல் மறந்த பிள்ளைகளுக்கு ஓடி ஓடி உதவுவதில் பாடவேளை போனால், கரும்பலகையே அவருக்கு மேல் என்று தோன்றுவதில் வியப்பில்லை.

கட்டுப்பாடும் ஒரு வேலைதான். எல்லாக் கருவிகளிலும் என்ன இருக்கலாம், என்ன கூடாது என்பதை ஓரிடத்திலிருந்து அமைப்பதற்குச் சாதன மேலாண்மை என்று பெயர். 2013இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி மாவட்டம் தன் மாணவர் அனைவருக்கும் ஐபேட் கொடுக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. சில வாரங்களிலேயே சில நூறு மாணவர்கள் அந்தக் கட்டுப்பாட்டு அமைப்பை அழித்துவிட்டு விரும்பிய தளங்களுக்குப் போய்விட்டார்கள். மறு ஆண்டே ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் கோபம் வரவில்லை. பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டது அந்தத் திட்டத்தில் நடந்த உண்மையான கற்றல்களில் ஒன்று.

வாங்குவதற்கு முன்

ஒரே ஒரு வகுப்புக்கு, ஒரு பருவத்துக்கு மட்டும் முதலில் முயன்று பாருங்கள். அலமாரியின் கதவிலேயே ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு முறையும் மூன்று விவரம் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை கருவி உயிரோடு வெளியே வந்தது, எத்தனை நிமிடம் பயன்பட்டது, எந்தப் பாடத்துக்கு. பருவம் முடிந்ததும் அந்தத் தாளை எடுத்துக் கூட்டினால் உங்கள் பள்ளிக்கான கீழ் எண் கிடைத்துவிடும். அலமாரிச் சாவியை வைத்திருப்பவர் விடுப்பில் போன நாள்களில் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். அந்த வரிகள் வெறுமையாக இருந்தால், அடுத்த டேப்லெட்டுக்கு முன் இரண்டாவது சாவி ஒன்று செய்து கொள்ளுங்கள்.